சம்பளமில்லாத நாட்களில் கற்ற தொழில்

1940-களின் ஹாலிவுட்டில் நட்சத்திரங்களும் சம்பளக்காரர்கள்தான். ஸ்டூடியோ கொடுக்கிற வேடம் வேண்டாம் என்றால் சஸ்பெண்ட், சம்பளமும் நின்றுவிடும். லண்டனில் 1918-ல் கலைக் குடும்பத்தில் பிறந்த ஐடா லுபினோ, வார்னர் பிரதர்ஸில் இந்தத் தண்டனையை அடிக்கடி வாங்கியவர். நடிக்காமல் இருந்த அந்த நாட்களில் படப்பிடிப்பும் எடிட்டிங்கும் எப்படி நடக்கின்றன என்று கூர்ந்து கவனித்தார்.

பிறகு கணவர் காலியர் யங்குடன் சேர்ந்து படம் தயாரிக்க இறங்கினார். ‘நாட் வான்டட்’ (1949) கல்யாணமாகாமல் தாயாகும் பெண்ணின் கதை. இயக்குநர் எல்மர் கிளிஃப்டனுக்கு மாரடைப்பு வர, மீதியை லுபினோவே எடுத்து முடித்தார். டைட்டிலில் தன் பெயரை இயக்குநராகப் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு ‘அவுட்ரேஜ்’. பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணைப் பற்றிய படம்; ஆனால் தணிக்கைக் கெடுபிடியில் அந்த வார்த்தையை மட்டும் யாரும் உச்சரிக்க முடியவில்லை!

அவருடைய ஆகச் சிறந்த படம் ‘தி ஹிட்ச்-ஹைக்கர்’ (1953). மீன்பிடிக்கக் கிளம்பிய இரண்டு நண்பர்கள் வழியில் லிஃப்ட் கேட்டவனை காரில் ஏற்றிக்கொள்கிறார்கள். அவன் கொலைகாரன். அவனுக்கு ஒரு கண் மூடவே மூடாது. மெக்சிகோ பாலைவனத்தில், ராத்திரி, அவன் துப்பாக்கியோடு சாய்ந்திருக்கிறான், தூங்குகிறானா, பார்த்துக்கொண்டிருக்கிறானா? தப்பி ஓட நினைக்கும் இருவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. செலவே இல்லாத உத்தி. பில்லி குக் என்ற நிஜக் கொலைகாரனை வைத்துப் பின்னிய கதை இது.

ஐம்பதுகளின் நடுவில் கணவருடன் தொடங்கிய தயாரிப்புக் கம்பெனி படுத்துவிட, லுபினோ தொலைக்காட்சிக்குப் போனார். அதை இறக்கம் என்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்வது நியாயமில்லை. ஹிட்ச்காக் தொடர், கௌபாய் கதை, ‘கிலிகன்ஸ் ஐலண்ட்’ காமெடி என்று எதையும் விடவில்லை. செட்டில் அவருடைய நாற்காலியின் முதுகில் ‘நம் எல்லோருக்கும் அம்மா’ என்று எழுதியிருக்கும். ஆண்களே நிறைந்த யூனிட்டை வேலை வாங்க அவர் கண்டுபிடித்த வழி அது.

‘தி ட்விலைட் ஸோன்’ தொடருக்காக 1964-ல் அவர் இயக்கிய ‘தி மாஸ்க்ஸ்’ ஒன்று போதும். சாகக்கிடக்கும் பணக்காரர், சொத்துக்குக் காத்திருக்கும் உறவினர்களை நள்ளிரவு வரை கோர முகமூடி போட வைக்கிறார். கழற்றும்போது முகமே முகமூடியாகியிருக்கிறது. அந்த மூலத் தொடரை இயக்கிய ஒரே பெண் லுபினோதான்.

‘தி ஹிட்ச்-ஹைக்கர்’ படத்தின் காப்புரிமை அமெரிக்காவில் எப்போதோ காலாவதியாகிவிட்டது. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 71 நிமிடம்தான். ராத்திரியில் நெடுஞ்சாலையில் தனியாகக் கார் ஓட்டுகிறவர்கள் மட்டும் பகலில் பார்த்துக்கொள்ளுங்கள்.