உங்களுக்குத் தெரியுமா? பார்வையற்றவர் லேப்டாப் வாங்கும்போது

● கடைக்காரர் முதலில் திரையின் அழகைத்தான் காட்டுவார். பார்வையற்ற ஒருவர் அதற்கென்று கூடுதலாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அதே பணத்துக்கு ரேம் கூட்டி வாங்கினால், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் தடுமாறாமல் பேசும். 'ஸ்கிரீன் கர்ட்டன்' வசதியைப் போட்டுவிட்டால் திரை முழுக்கக் கறுத்துவிடும். பேச்சு மட்டும் வரும். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் வங்கிக் கணக்கை எட்டிப் பார்க்க முடியாது.

● திரையே இல்லாத கையடக்கக் கணினி 1987-லேயே வந்துவிட்டது. அமெரிக்கரான டீன் பிளேசி உருவாக்கிய 'பிரெய்ல் அண்ட் ஸ்பீக்' அது. பிரெய்ல் விசைகளில் தட்டினால் குரலில் படித்துக் காட்டும்.

● விசைப்பலகைதான் உண்மையான சோதனை. பெரிய கணினியில் திரைவாசிப்பானுக்கான கட்டளைகள் பல, வலப்பக்க எண் விசைகளில் இருக்கும். சின்ன லேப்டாப்பில் அந்தப் பகுதியே கிடையாது. அதற்காகப் பயப்பட வேண்டாம்: என்விடிஏ, ஜாஸ் ஆகிய திரைவாசிப்பான்கள் இரண்டிலும் லேப்டாப்புக்கென்று தனி விசை அமைப்பு உண்டு. இன்சர்ட் விசைக்குப் பதில் கேப்ஸ் லாக்கை வைத்துக்கொள்ளலாம். என்விடிஏ-யில் கேப்ஸ் லாக்கோடு 'ஏ' தட்டினால் முழுப் பக்கத்தையும் தொடர்ந்து வாசிக்கும்.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். அம்பு விசைகள் தனித்தனியாக விரலுக்குத் தட்டுப்படுகின்றனவா? மேலும் கீழும் போகும் இரண்டையும் ஒரே விசையின் இடத்தில் நசுக்கி வைத்திருந்தால், வரி வரியாகப் படிப்பவருக்கு நாள் முழுக்கத் தொல்லை. ஹோம், எண்ட் விசைகள் தனியாக இருக்கின்றனவா, அல்லது எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டுமா? மேல் வரிசையில் நான்கு நான்கு விசைகளுக்கு இடையே சிறு இடைவெளி விட்டிருந்தால் எஃப்7-ஐ எண்ணாமலே தொட்டுவிடலாம். மெல்லிய மாடல்கள் பலவற்றில் பவர் பட்டனை டெலீட் விசைக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்துவிடுகிறார்கள். அங்கே விரலை ஓட்டிப் பார்க்காமல் பில் போடச் சொல்லாதீர்கள்.

● 2024 முதல் வரும் புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் 'கோபைலட்' விசை, வலது கன்ட்ரோல் அல்லது மெனு விசையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மௌஸ் பயன்படுத்தாதவர்களுக்கு வலது கிளிக் மெனுவைத் திறந்து தந்தது அந்த மெனு விசைதான்! ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினாலும் அந்த மெனு வரும்.

● சில லேப்டாப்களில் இயர்போன் குழியே இல்லை. புளூடூத்தில் பாட்டு கேட்கும்போது தெரியாத தாமதம், ஒவ்வொரு விசைக்கும் ஒலியை எதிர்பார்ப்பவருக்கு நன்றாகவே தெரியும். பல ஹெட்செட்களில் வாக்கியத்தின் முதல் எழுத்தும் அறுந்து போகும். கம்பி இயர்போன் செருகும் குழி இல்லாத மாடலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

● கடையில் நிற்கும்போதே பேசவைத்துப் பார்க்கலாம். விண்டோஸ் 10, 11 உள்ள எந்தக் கணினியிலும் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'நேரேட்டர்' பேசத் தொடங்கும். ஆப்பிளின் மேக் கணினிகளில் 'வாய்ஸ்ஓவர்' 2005-லிருந்தே உள்ளடங்கி வருகிறது. உங்கள் இயர்போனைக் கொண்டு போங்கள். கடைச் சத்தத்தில் ஸ்பீக்கரை எடைபோட முடியாது.

● என்விடிஏ இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-ல் எழுதத் தொடங்கினார். நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். கணினியின் விலைக்குமேல் திரைவாசிப்பானுக்கும் பணம் கட்ட வேண்டியிருந்த நிலையை மாற்றியவர்கள் என்பதால் அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. என்விடிஏ பென் டிரைவிலிருந்தே இயங்கும் என்பதால், கடைக்காரர் அனுமதித்தால் அதையும் செருகிச் சோதிக்கலாம்.

● என்விடிஏ-யோடு வரும் 'ஈஸ்பீக்' தமிழும் வாசிக்கும், இணையம் வேண்டாம். விண்டோஸில் சேர்த்துக்கொள்ளக்கூடிய தமிழ்க் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் 'வள்ளுவர்'.

● பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் 'பயாஸ்' எனும் அடிப்படை அமைப்புத் திரை பேசாது. விண்டோஸ் எழுவதற்கு முன் வருவதால் எந்தத் திரைவாசிப்பானும் அங்கே உதவாது. எஃப்1 முதல் எஃப்12 வரையான விசைகள் ஒலி, வெளிச்சம் கூட்டும் வேலையை விட்டுச் சொந்த வேலையைச் செய்யவைக்கும் அமைப்பு சில மாடல்களில் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன், கடை ஊழியரை உட்காரவைத்து அதை மாற்றித் தரச் சொல்லுங்கள்.