குளிர்நாட்டு உடையும் வியர்வையும்

தஞ்சோங் கிளிங் போன்ற மலாக்காக் கடற்கரை ஊர்களில் வியர்வை என்றாலே வெயில்தான் நினைவுக்கு வரும். பனிமலையிலும் வியர்வை உண்டு. அங்கே அது உயிருக்கே ஊறு செய்யவல்லது.

1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எம். மகேந்திரன், என். மோகனதாஸ் என்னும் மலேசியத் தமிழர் இருவர் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். மலேசியருள் அச்சிகரத்தை முதலில் எட்டியவர்கள் அவர்களே. வெப்பநாட்டில் வளர்ந்தோர் அத்தகைய குளிரைத் தாங்கக் கம்பளிகளை அடுக்கிக்கொண்டால் மட்டும் போதுமா? போதாது. காரணத்தை நோக்குவோம்.

மலை ஏறுகையில் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே உழைப்பாகிறது; எஞ்சியது வெப்பமாகிறது. தடித்த உடை அவ்வெப்பத்தை வெளியே விடாது. ஆகவே உடல் வியர்க்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். மலாக்காவின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராமையால் புழுக்கம் மிகுகிறது. பனிமலையிலோ, ஏறுவோர் நின்று இளைப்பாறும்போது உடலில் வெப்பம் பிறப்பது குறைகிறது. நனைந்த உடையோ வெப்பத்தைத் தொடர்ந்து கவர்கிறது. அசையாக் காற்றைவிட நீர் ஏறத்தாழ 24 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் நாக்குழறும், அறிவு தடுமாறும், உயிரும் போகலாம்.

உடை வெம்மை தருவது நூலிழையால் அன்று. இழைகளினிடையே தங்கும் காற்றினால் ஆகும். பருத்தி நீரை உறிஞ்சித் தேக்கும். எனவே பனிமலையில் உள்ளாடைக்கு உதவாது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்றும் ஓரளவு வெம்மை காக்கும். பாலியெஸ்டர் நீரை மிகச் சிறிதே ஏற்கும். பறவையின் மென்தூவி உலர்ந்திருக்கும்போது சிறந்தது; நனைந்தாலோ சுருண்டு பயனற்றுப் போகும்.

எனவே உடை மூன்று அடுக்காதல் வேண்டும்: ஈரத்தை அகற்றும் உள்ளடுக்கு, காற்றைத் தேக்கும் நடுவடுக்கு, பனிக்காற்றைத் தடுக்கும் புறவடுக்கு. ஏறத் தொடங்குமுன்பே ஓர் அடுக்கைக் களைக. நின்றவுடன், குளிர் தாக்குமுன் மீண்டும் அணிக. தொடக்கத்தில் சற்றே குளிர்வது நன்று.

கேமரன் மலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கும் இது பயன்படும். மேடேறி வியர்த்த பிள்ளையின் நனைந்த பனியன்மேல் கம்பளிச் சட்டையை மாட்டுதல் தவறு. முதலில் பனியனை மாற்றி உடலைத் துடைத்தல் வேண்டும். கம்பளி அதன் பின்னரே.