ஓட்டுநர் காணாத விளக்கு

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

முன்னுரை

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உயரத்தில் ஏற்றிய விளக்கின் பயனை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகைத் திங்களில் 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படும் தீபத்தை மாடவீதியில் நிற்பவரும் காண்கின்றனர். பல கல் தொலைவில் வயலோரம் நிற்பவரும் காண்கின்றனர். முன்னே நிற்கும் கூட்டமும் வீடும் மரமும் அதை மறைப்பதில்லை.

இதே எளிய உண்மையை வைத்துத்தான் காரின் பின்புறத்தில், கண்ணாடியின் மேல்விளிம்பிலோ அதன் உட்புறத்திலோ, நடுவில் ஒரு சிவப்பு விளக்கைப் பொருத்தியிருக்கிறார்கள். மூன்றாவது பிரேக் விளக்கு என்று அதைச் சொல்வதுண்டு. அது கழன்று தொங்கினாலோ, எரியாமற் போனாலோ சரிசெய்வது எப்படி என்பதையும், அந்த வேலையில் நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியல் எங்கே வருகிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத நேர்ந்த காரணம்

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் முதலில் காலடி வைத்தவன் நான். பழைய காராக வாங்கிய எங்கள் வண்டியின் டிக்கிக் கதவில் இருந்த மூன்றாவது விளக்கு, வெயிலில் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து தொங்கத் தொடங்கியது. தந்தையார் அதைக் கறுப்பு டேப்பினால் ஒட்டி வைத்தார். சில நாளில் அது எரிவதும் நின்றுவிட்டது. “கீழே ரெண்டு எரியுதே, போதும்” என்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு பௌர்ணமி மாலையில் அவர் வெளியூர் அன்பர்களை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் சாலையில் ஊரை நோக்கி வந்தார். மூதாட்டி ஒருவர் திடீரெனச் சாலையைக் கடக்கவே பிரேக்கை அழுத்தினார். பின்னால் வந்த கார் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. அந்தக் காருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞரால் நிறுத்த முடியவில்லை. மோதி விழுந்தார்; மணிக்கட்டு எலும்பு முறிந்தது. “முன்னாடி வண்டி நிக்குதுன்னே எனக்குத் தெரியலீங்க” என்று அவர் சொன்னாராம்.

எங்கள் வண்டியின் மேல்விளக்கு எரிந்திருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தந்தையார் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும், “நீ படிக்கிறது கரண்டு சம்பந்தப்பட்டதுதானே? வா, அதைப் பார்ப்போம்” என்று என்னை அழைத்தார்.

மூன்றாவது விளக்கின் வரலாறு

காரின் கீழ்விளக்குகள் இரண்டும் நேர் பின்னால் வரும் வண்டிக்கே நன்கு தெரியும். அதற்கும் பின்னால் வருபவருக்கு அவை மறைந்துவிடும். மேல்விளக்கின் ஒளியோ இடையிலுள்ள காரின் கண்ணாடிகளை ஊடுருவி மூன்றாமவரையும் எட்டும். மேலும் கீழ்விளக்குகள் இரவில் எப்போதும் மங்கலாக எரிந்துகொண்டே இருந்து, பிரேக் பிடிக்கும்போது பிரகாசம் கூடுகின்றன. மேல்விளக்கு பிரேக் பிடிக்கும்போது மட்டுமே எரிவதால் அதன் செய்தியில் ஐயம் எழ இடமில்லை.

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஜான் வோவோட்ஸ்கி என்னும் உளவியலாளர் 343 டாக்சிகளில் இத்தகைய நடுவிளக்கைப் பொருத்தி, பொருத்தாத டாக்சிகளுடன் ஒப்பிட்டார். விளக்குப் பொருத்தியவற்றில் பின்புற மோதல் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்திருந்தது. 1986-ஆம் ஆண்டு மாடல் முதல் அந்நாட்டின் புதிய கார்களில் இவ்விளக்கு கட்டாயமாயிற்று. எல்லாக் கார்களிலும் இது வந்து, புதுமை தீர்ந்து, கண்கள் பழகிய பின் பயன் குறைந்தது. 1998-இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட ஆய்வு 4.3 விழுக்காடு என்று கணக்கிட்டது. எண் சிறியதாகத் தோன்றலாம். எனினும் இத்தனை மலிவான ஒரு சிறு விளக்கு நூற்றுக்கு நான்கு மோதலைத் தடுக்குமானால் அது நல்ல பயனே அல்லவா?

பழுதைக் கண்டறிதல்

தன் வண்டியின் பிரேக் விளக்கை ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்து காண முடியாது. ஆகவே அந்தி நேரத்தில் வண்டியின் பின்புறத்தைச் சுவருக்கு அருகே நிறுத்திப் பிரேக்கை மிதிக்க, மற்றொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று விளக்குகளும் எரியாவிட்டால் ஃபியூஸையும், பிரேக் மிதியருகே உள்ள ஸ்விட்சையும் முதலில் ஐயுற வேண்டும். மேல்விளக்கு மட்டும் எரியாவிட்டால் பல்பு, ஹோல்டர், ஒயர், எர்த்து ஆகிய நான்கில் ஒன்றில் குற்றம் இருக்கலாம்.

எங்கள் வண்டியில் பல்பைக் கழற்றிப் பேட்டரியில் நேரே வைத்தேன், எரிந்தது. ஹோல்டரும் நன்றாகவே இருந்தது. பிறகு பிரேக்கை மிதிக்கச் சொல்லி, ஹோல்டருக்கு வரும் ஒயர்களில் மல்டிமீட்டரை வைத்தேன். 12 வோல்ட் காட்டியது. ஆயினும் பல்பை மாட்டினால் எரியவில்லை! மின்னழுத்தம் இருக்கிறது, பல்பு நல்லது, ஆனால் ஒளி இல்லை. இயற்பியல் மாணவனாகிய நான் விழித்தபடி நின்றேன்.

எங்கள் தெருவில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “மீட்டர் பொய் சொல்லாது தம்பி. ஆனா அது ஒயர்கிட்ட வேலை வாங்காது. டெஸ்ட் லேம்பை வெச்சு வேலை வாங்கிப் பாரு” என்றார். ஒரு பல்பு, இரு ஒயர், ஒரு முனையில் கிளிப். அவருடைய டெஸ்ட் லேம்ப் அவ்வளவுதான். அதை வைத்ததும் பல்பு கண் சிமிட்டக்கூட இல்லை. குற்றம் ஒயரில்தான் என்பது உறுதியாயிற்று.

இதன் காரணத்தை வீட்டில் தாளில் எழுதிப் பார்த்தேன். 5 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 0.4 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும்; எரியும்போது அதன் மின்தடை சுமார் 29 ஓம். ஒயரின் உள்ளே இழைகள் முறிந்து, களிம்பு பிடித்த ஓரிரு இழைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று கொள்வோம். அவ்விடத்தின் மின்தடை எடுத்துக்காட்டாக 300 ஓம் எனில், பல்பு வழியே 0.04 ஆம்பியர்கூட முழுதாகச் செல்லாது, மின்னிழை சூடேறாது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடையோ ஒரு கோடி ஓம் அளவினது. அந்தக் கோடியுடன் தொடராக இந்த 300 சேர்ந்தால் என்ன வேறுபாடு தெரியும்? மீட்டர் 12 என்றே காட்டும். தொடர்ச் சுற்றைப் பற்றித் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய எனக்கு அது நேரில் நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

சரிசெய்யும் முறை

டிக்கிக் கதவுள்ள வண்டிகளில் ஒயர் பெரும்பாலும் முறியும் இடம் கீல் அருகே உள்ள ரப்பர்க் குழாயின் உட்புறம். கதவைத் திறந்து மூடும்தோறும் ஒயர் மடங்கி நிமிர்ந்து, கம்பியை மாறி மாறி வளைத்து ஒடிப்பதுபோல, இழை இழையாக அறுகிறது. எங்கள் வண்டியிலும் அங்கேதான் பச்சைக் களிம்புடன் முறிவு இருந்தது.

முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். கெட்ட பகுதியை வெட்டியெறிந்து, பல இழைகளையுடைய வளையும் ஒயரைப் புதிதாகச் சேர்த்து, ஈயப்பற்று வைத்து, மேலே உறை போட வேண்டும். ஈயம் வைத்த இடம் விறைப்பாக இருக்குமாதலால், இணைப்பு மடங்கும் இடத்தில் அமையக் கூடாது. சற்றுத் தள்ளி அமைய வேண்டும். இல்லையேல் அவ்விடமே மறுபடி ஒடியும். எர்த்து ஒயர் தகட்டில் சேரும் இடத்தைத் துருப் போகச் சுரண்டி இறுக்க வேண்டும்.

கழன்ற விளக்கைப் பொருத்தும்போது இருபுறம் ஒட்டும் டேப்பை மட்டும் நம்பக் கூடாது. நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகிவிடும். உடைந்த கிளிப்பை மாற்றி, ரப்பர்ப் பட்டையைத் துடைத்து ஒழுங்காக அமர்த்தி, நேரே பின்னோக்கி இருக்குமாறு பூட்ட வேண்டும். பட்டை சரியாக அமராவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும், மீண்டும் களிம்புதான். பிரகாசம் வேண்டுமென்று அதிக வாட் பல்பைப் போட்டால் வெப்பத்தில் சிவப்பு மூடி உருகிவிடும்.

புதிய வண்டிகளில் பல்புக்குப் பதில் எல்.இ.டி. வரிசை இருக்கிறது. மின்னிழை சூடேறிப் பிரகாசம் பெற ஏறத்தாழ 0.2 நொடி ஆகும், எல்.இ.டி.க்கு அந்தத் தாமதம் இல்லை. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் நொடிக்கு 20 மீட்டர் கடக்கிறார், 0.2 நொடிக்கு 4 மீட்டர். ஒரு கார் நீள அளவுக்கு முன்னதாகவே அவருக்குச் செய்தி போய்ச் சேர்கிறது. ஆனால் இவ்வரிசையில் சில எல்.இ.டி.க்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று அறுந்தால் அந்தத் தொடர் முழுதும் அணையும். அப்போது பெரும்பாலும் முழு விளக்கையுமே மாற்ற நேரும்.

முடிவுரை

முன்விளக்கு கெட்டால் அன்றே கடைக்கு ஓடுகிறோம். அது நமக்கு வழி காட்டுவது. பிரேக் விளக்கு முன்பின் அறியாத ஒருவருக்காக எரிவது. அதனால்தான் அதைத் தள்ளிப் போடுகிறோம். பின்கண்ணாடியில் பெயரும் படமும் ஒட்டி, உள்ளே தலையணையும் துண்டும் அடுக்கி, எரிகிற விளக்கையும் மறைத்துவிடுகிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. மாலையில் சவாரிக்குப் புறப்படும் முன் தந்தையார் பிரேக்கை மிதிப்பார். வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்துடன் நிற்கும் என் தாயார் எட்டிப் பார்த்து, “மூணும் எரியுதுங்க” என்பார். அதன் பிறகே வண்டி நகரும்.

நண்பர்களே, உங்கள் இல்லத்திலும் உறவிலும் வண்டி ஓட்டுபவர் இருப்பார். இன்று மாலை ஒரு நிமிடம் வண்டியின் பின்னால் சென்று நின்று பாருங்கள்.