சீன வியாபாரி ‘ம்...’ என்றால் சம்மதமா?

நம் வணிகர்களில் பலர் சரக்குக் கொள்முதலுக்காக இப்போது நேரடியாகவே சீனாவுக்குப் போய் வருகிறார்கள். ஜெஜியாங் மாகாணத்தின் யிவூ சந்தையும், குவாங்சோ நகரில் 1957 முதல் நடந்து வரும் பொருட்காட்சியும் ஃபேன்சி, பொம்மை, எலக்ட்ரிக்கல் சாமான் வியாபாரிகளுக்குப் பழகிய பெயர்கள். விசா, கன்டெய்னர், சுங்கவரி பற்றியெல்லாம் எழுதுவோர் பலர் உண்டு. ஆனால் பேரத்தின்போது எதிரே இருப்பவர் இழுக்கும் இழுப்பைப் பற்றி எழுதுவோர் குறைவு. முன்பணம் கொடுத்த பிறகு வரும் தகராறுகளில் சில அந்த இழுப்பிலிருந்தே கிளம்புகின்றன என்பதால் இதை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

நம் கடையில் ஒருவர் கடைசி விலை கேட்கிறார். நாம் ‘அது வந்துங்க...’ என்று தொடங்குகிறோம். இதில் ‘அது’ எந்தப் பொருளையும் காட்டவில்லை. ‘வந்து’ என்பதில் யாரும் வரவும் இல்லை. மனம் கணக்குப் போட்டு முடிக்கும் வரை வாய் இடத்தைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. இப்படிப்பட்ட ஒலி எல்லா மொழியிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘அ...’ என்றால் சிறு தாமதம், ‘அம்...’ என்றால் சற்று நீண்ட தாமதம் என்று 2002-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறியது. ஆகவே இழுப்பை வெறும் சத்தம் என்று தள்ளிவிட முடியாது. கவனிப்பவனுக்கு அது ஒரு செய்தி.

சீனத்தின் பொதுமொழியான மாண்டரினில் நம் ‘அது வந்து’வின் வேலையைச் செய்வது ‘நாகெ’ என்ற சொல். பலர் இதை ‘நெய்கெ’ என்றும் உச்சரிப்பார்கள். இதன் நேர்ப்பொருள் ‘அந்த ஒன்று’ என்பதே. ‘இந்த ஒன்று’ எனப் பொருள்படும் ‘ஜெகெ’யும் இப்படியே பயன்படுகிறது. 2005-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாண்டரின் பேச்சை ஆராய்ந்து, பேசுவோர் ‘ம்’, ‘அ’ போன்ற ஒலிகளோடு இந்த இரு சுட்டுச் சொற்களையும் தாராளமாகப் போட்டு இழுக்கிறார்கள் என்று எழுதினார்கள். தமிழன் இதற்கு ஆச்சரியப்பட வேண்டியதில்லை. நாமும் ‘அது’வையும் ‘இது’வையும் வைத்துத்தானே சமாளிக்கிறோம்!

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பத்துச் சீனச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவரிடம்தான். அந்தப் பத்தில் ‘நாகெ’ கட்டாயம் இருக்கும். கையில் ஒரு டிபன் பாக்ஸ் சாம்பிளை வைத்துக்கொண்டு விலை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரம்மா ‘நாகெ... நாகெ...’ என்கிறார். நம்மவர் ‘அது’ என்கிறாரே என்று பக்கத்து அலமாரியில் இருக்கும் வேறு பாக்ஸைப் பார்க்கிறார். அந்த அம்மாவும் அவர் மாடலை மாற்றிவிட்டார் என்று எண்ணி, அதற்குரிய விலையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுகிறார். விலை குறைவாக இருக்கிறதே என்று ஆர்டர் உறுதியாகிறது. இருவரிடமும் கபடம் இல்லை. கன்டெய்னரைத் திறக்கும்போதுதான் சரக்கு வேறு என்று தெரியும். விரலோ பார்வையோ ஒரு பொருளைக் காட்டாமல், குரல் மட்டும் நீண்டு வரும் ‘நாகெ’ அநேகமாக இழுப்புதான் என்று கொள்ளலாம்.

சீனம் ஒரே பேச்சு அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். குவாங்சோ, ஹாங்காங் பகுதிகளின் காண்டனீஸ் பேச்சில் ‘ஜிக்ஹாய்’ என்ற சொல் இடையிடையே வந்து விழும். ‘அதாவது’ என்று பொருள். நம் மேடைப் பேச்சாளர்கள் மூச்சுக்கு ஒரு முறை ‘அதாவது’ போடுவதை நினைத்துக்கொண்டால் சரி. ‘அந்த ஒன்று’ என்பதற்கு அங்கே ‘கோகோ’. அதுவும் இழுப்புக்கு உதவும். தைவானின் ஹொக்கியன் பேச்சில் ‘ஹித்லோ’ என்பார்கள். ஒலி மாறினாலும் வழி ஒன்றே.

இந்த ‘நெய்கெ’ அமெரிக்காவில் ஒரு பெரிய விவகாரத்தையே கிளப்பியது. 2020-ல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் ஒரு பேராசிரியர் இழுப்புச் சொற்களுக்கு உதாரணமாக இதைச் சொல்லிக் காட்டினார். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஆங்கிலச் சொல்லைப் போல அது காதில் விழுந்ததால் சில மாணவர்கள் முறையிட, அந்தப் பாடத்தின் எஞ்சிய வகுப்புகளை வேறொருவர் எடுக்க நேர்ந்தது. சொல்லிக்கொடுத்த பாடமே வணிகத்தில் பேசும் முறை பற்றியது என்பதுதான் வேடிக்கை.

இனி ‘ம்’ என்ற ஒலிக்கு வருவோம். பண விஷயத்தில் இதுவே மிகவும் ஆபத்தானது. மாண்டரினில் ஒரே சொல் தொனி மாறினால் பொருள் மாறும் என்பது பலருக்கும் தெரியும். ‘ம்’முக்கும் அதே கதிதான். குரல் மேலே ஏறினால் ‘என்னது?’ என்ற கேள்வி. இறங்கி ஏறினால் வியப்பு, அல்லது ‘அப்படி இல்லையே’ என்ற மறுப்பு. கீழே இறங்கினால் ‘சரி’. சீன அகராதிகளே இந்த மூன்றையும் தனித்தனியாகக் கொடுக்கின்றன. இவற்றுக்கு அப்பால், நாம் பேசப் பேச ‘ம், ம்’ என்று அவர் தலையாட்டுவதும் உண்டு. அது நம் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது பேரப்பிள்ளைகள் உம் கொட்டுவதைப் போன்றது. கேட்கிறேன் என்று மட்டுமே பொருள். அட்டைப்பெட்டியின் கனம், கலர், பேக்கிங், டெலிவரி நாள் என நான்கு நிபந்தனைகளை ஒரே மூச்சில் சொல்லி, நான்கு ‘ம்’ வாங்கிக்கொண்டு, நான்கும் ஒப்புக்கொள்ளப்பட்டன என்று நம்பி முப்பது சதவீத முன்பணம் கட்டுவது சரியான கொள்முதல் ஆகாது. ஒவ்வொரு நிபந்தனையையும் தனியாகக் கேட்டு, ‘முடியும்’ எனப் பொருள்படும் ‘கேயி’ என்ற சொல் வாயிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்த பிறகு ஆர்டர் தாளில் எழுதவும் வைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரே என்று சிலர் கேட்கலாம். நல்ல மொழிபெயர்ப்பாளர் பேச்சைச் சுத்தம் செய்தே தருவார். அவர் தொழில் அது. தொழிற்சாலைக்காரர் ‘ம்... நாகெ... இருபத்தைந்து நாள்... ஆகலாம்’ என்று தயங்கித் தயங்கிச் சொன்னதை, ‘இருபத்தைந்து நாளில் தருவார்’ என்று நேராகச் சொல்லிவிடுவார். தயக்கம் வழியிலேயே உதிர்ந்துபோகிறது. தீபாவளி சீசனுக்குச் சரக்கு எடுப்பவருக்கு அந்தத் தயக்கம்தான் முக்கியமான செய்தி. செல்போனில் பேச்சை மொழிபெயர்க்கும் வசதிகளும் பெரும்பாலும் இழுப்பை விட்டுவிட்டுச் சொல்லை மட்டுமே தருகின்றன. ஆகையால் மொழிபெயர்ப்பாளரிடம் முதலிலேயே, ‘அவர் தயங்கினால் தயங்கினார் என்றும் சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொள்வது நல்லது. அவர் பேசும்போது நம் பார்வை மொழிபெயர்ப்பாளர் மீது இல்லாமல் விற்பவர் முகத்தில் இருப்பதும் அவசியம்.

இழுப்பு சொல்லாகவே வருவதும் உண்டு. ‘யன்ஜியூ யன்ஜியூ’ என்றால் ‘ஆராய்ந்து பார்க்கிறோம்’. ‘கவ்லியூ கவ்லியூ’ என்றால் ‘யோசிக்கிறோம்’. இவற்றைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிக் கடன் கேட்பவரை அனுப்பி வைப்பதில்லையா?

கடைசியாக எண்கள். மாண்டரினில் நான்கு ‘ஸி’, பத்து ‘ஷி’. தென்சீனர் பலர் இரண்டையும் ‘ஸி’ என்றே உச்சரிப்பதால், வேறுபாடு தொனியில் மட்டுமே மிஞ்சும். முன்னால் ஒரு ‘நாகெ’ இழுத்து, அதன்பின் அவசரமாக ஒரு ‘ஸி’ வந்தால் யுவான் நான்கா பத்தா என்று நம் காதை நம்பி முடிவு செய்யக்கூடாது. யிவூ கடைகளில் மேசைக்கு மேசை கால்குலேட்டர் கிடக்கும். அதை அவர் பக்கம் நகர்த்தி, தொகையைத் தட்டச் சொல்லிவிட்டால் போதும்.