கையில் ஒரு ஹெலிகாப்டர்

மும்பையில் சுனாபட்டி என்று ஓர் இடம் இருக்கிறது. சுண்ணாம்புச் சூளை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். பக்கத்தில் கூர்லா, சயான். சற்றுத் தள்ளி தாராவி, மாதுங்கா, செம்பூர். இந்தப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு.

இங்கே அண்ணாந்து பார்க்காத பிள்ளை கிடையாது. விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது. கூர்லா, காட்கோபர் பக்கம் விமானங்கள் தாழ இறங்குகின்றன. மேற்கே ஜூஹுவில் இருந்து ஹெலிகாப்டர்கள் கிளம்புகின்றன. அவை கடலுக்குள் சுமார் 160 கிலோமீட்டர் போகின்றன. அங்கே பம்பாய் ஹை எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. அங்கே வேலை செய்யும் ஆட்களை அவை ஏற்றிச் செல்கின்றன.

அதே போன்ற ஹெலிகாப்டர் சிறிய அளவில் கடையில் கிடைக்கிறது. கையில் ரிமோட் இருக்கும். அதில் உள்ள குச்சியை அசைத்தால் பொம்மை பறக்கும். பிள்ளைகள் அதைக் கேட்டு அடம் பிடிக்கிறார்கள். பெரியவர்களுக்கும் ஆசை உண்டு. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் கூலியோ இரண்டு நாள் கூலியோ கொடுத்து வாங்குகிறார்கள். அன்றைக்கே அது சுவரில் மோதி உடைகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று திட்டுகிறார்கள். பல சமயம் பொம்மை மேல் தவறு இருக்காது. சைக்கிள் ஓட்டப் பழக வேண்டும் அல்லவா? ஹெலிகாப்டரும் அப்படித்தான். அது சைக்கிளைவிடக் கடினம்.

ஹெலிகாப்டர் எப்படி நிற்கிறது?

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் காற்று வருகிறது. விசிறி காற்றைக் கீழே தள்ளுகிறது. அப்போது காற்று விசிறியை மேலே தள்ளுகிறது. விசிறியைக் கூரையில் மாட்டி இருப்பதால் இது நமக்குத் தெரிவதில்லை. ஹெலிகாப்டரின் தலையில் இருப்பதும் விசிறிதான். அது வேகமாகச் சுற்றிக் காற்றைக் கீழே தள்ளுகிறது. ஹெலிகாப்டர் மேலே எழும்புகிறது.

ஆனால் ஒரு சிக்கல் வருகிறது. தோணியில் இருப்பவர் கரைக்குத் தாவினால் தோணி பின்னால் போகும். அவர் ஒரு பக்கம், தோணி எதிர்ப் பக்கம். அதே போல விசிறி வலப்பக்கம் சுற்றினால் ஹெலிகாப்டரின் உடல் இடப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் ஒரு சின்ன விசிறி வைத்திருக்கிறார்கள். அது வாலைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்துக்கொள்கிறது. வால் விசிறி நின்றுவிட்டால் ஹெலிகாப்டர் பம்பரம் போலச் சுற்றும்.

சில பொம்மைகளில் தலையில் இரண்டு விசிறிகள் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று. ஒன்று வலப்பக்கம் சுற்றும், மற்றது இடப்பக்கம் சுற்றும். ஒன்றின் இழுப்பை மற்றது சரிக்கட்டிவிடும். அதனால் பொம்மை அதிகம் ஆடாது. முதன்முதலில் பழகுபவர் இந்த வகையைத்தான் வாங்க வேண்டும். ஒற்றை விசிறி உள்ள பெரிய மாதிரி பார்க்க அழகாக இருக்கும். விலையும் பல ஆயிரம். பழகாத கையில் அது ஒரு நிமிடம் தாங்காது.

இந்த மாதிரி ஹெலிகாப்டர்களை உருவாக்குவதே பல காலம் முடியாமல் இருந்தது. ரிமோட்டில் ஓடும் சிறு விமானங்கள் முன்பே வந்துவிட்டன. ஹெலிகாப்டர் மட்டும் கட்டுக்குள் வரவில்லை. ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் என்பவர் விடாமல் முயன்றார். 1970-ஆம் ஆண்டு வாக்கில் அவருடைய மாதிரி ஹெலிகாப்டர்கள் நன்றாகப் பறந்தன. 1987-இல் ஜப்பானில் யமஹா நிறுவனம் ஒரு பெரிய ரிமோட் ஹெலிகாப்டரைக் கொண்டுவந்தது. அது 20 கிலோ சுமந்தது. நெல் வயலுக்கு மருந்து தெளித்தது. விளையாட்டுப் பொருளாக இருந்தது வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டது.

முதல் பாடம்

ரிமோட்டில் இரண்டு குச்சிகள் இருக்கும். பெரும்பாலும் இடக் குச்சியை மேலே தள்ளினால் ஹெலிகாப்டர் எழும்பும். கீழே இழுத்தால் இறங்கும். இடம் வலம் அசைத்தால் மூக்கு திரும்பும். வலக் குச்சி முன்னும் பின்னும் நகர்த்தும். நல்ல மாதிரிகளில் பக்கவாட்டிலும் நகர்த்தும். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும்.

பறப்பது பெரிய விஷயம் இல்லை. ஒரே இடத்தில் நிற்பதுதான் பெரிய விஷயம். உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடும் சிறுவரைப் பார்த்தால் புரியும். கம்பு சாயும். கை உடனே நகரும். மறுபடி சாயும். கை மறுபடி நகரும். கை சும்மா இருந்தால் கம்பு விழுந்துவிடும். ஹெலிகாப்டரும் அந்தக் கம்பு போலத்தான். சாய்ந்த பிறகு திருத்தினால் காலம் கடந்துவிடும். சாயத் தொடங்கும்போதே விரல் லேசாக அசைய வேண்டும். புதியவர்கள் குச்சியைப் பலமாகத் தள்ளுகிறார்கள். அதனால்தான் பொம்மை சுவரைத் தேடிப் போகிறது.

பத்துக்குப் பத்து கோலியில் கட்டிலும் பீரோவும் போக என்ன இடம் இருக்கும்? உள்ளங்கை அளவு ஹெலிகாப்டரை நிறுத்திப் பழக அது போதும். திருப்பிப் பழகப் போதாது. அதற்குச் சமூகக் கூடமோ பள்ளிக்கூட ஹாலோ வேண்டும். கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளலாம். மின்விசிறியை நிறுத்த வேண்டும். சன்னலை மூட வேண்டும். சின்னக் குழந்தைகளைத் தூர உட்கார வைக்க வேண்டும். அவர்கள் பொம்மையைப் பிடிக்க ஓடி வருவார்கள்.

தரையில் சாக்பீஸால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் போட வேண்டும். அதன் நடுவில் ஹெலிகாப்டரை வைக்க வேண்டும். ஓட்டுபவர் அதன் வாலுக்குப் பின்னால் ஆறு அடி தள்ளி நிற்க வேண்டும். அப்போதுதான் அதன் வலப்பக்கமும் அவருடைய வலப்பக்கமும் ஒன்றாக இருக்கும். எதிரே வரும் ஆளின் வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரிகிறது அல்லவா? ஹெலிகாப்டர் மூக்கைத் திருப்பி எதிரே வந்தால் இடம் வலம் மாறிவிடும். பழகியவர்களே அதில் தடுமாறுகிறார்கள். அதைக் கடைசியில் பழகினால் போதும்.

முதல் நாள் மெல்ல எழுப்பி, மெல்ல இறக்குவது மட்டும்தான். தரையை ஒட்டி இருக்கும்போது அது மிகவும் ஆடும். கீழே தள்ளிய காற்று தரையில் பட்டுத் திரும்பி வருவதே காரணம். முழங்கால் உயரத்துக்கு மேல் போனால் ஆட்டம் குறையும். குச்சியைத் தொடாமலே தானாகச் சுற்றினால் ரிமோட்டில் டிரிம் என்ற சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி அழுத்திச் சரி செய்ய வேண்டும். இதைச் செய்யாமலே பொம்மை கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

ஒரு தடவை சார்ஜ் செய்தால் சிறிய பொம்மை ஆறேழு நிமிடம் பறக்கும். அந்த நேரம் முழுவதும் வட்டத்துக்கு மேலேயே நிறுத்த முடிகிறதா? முடிந்தால் முதல் பாடம் முடிந்தது. பலருக்கு இதற்கே வாரக்கணக்கில் ஆகும். கொஞ்சம் பெரிய மாதிரி என்றால் அடியில் இரண்டு மெல்லிய குச்சிகளைக் குறுக்காகக் கட்டுவார்கள். நான்கு முனையிலும் பிளாஸ்டிக் பந்து செருகுவார்கள். சாய்ந்து இறங்கினாலும் கவிழாது. பழகியதும் கழற்றிவிடலாம்.

இடிக்கப் போகிறது என்று தெரிந்தால் விசையை உடனே முழுவதும் குறைத்துவிட வேண்டும். மனசு விசையைக் கூட்டச் சொல்லும். கேட்கக் கூடாது. விசிறி நின்ற நிலையில் விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சுற்றிக்கொண்டே மோதினால் இறக்கை உடையும், பல்சக்கரம் தேயும். விழுவதைக் கையால் பிடிக்கவும் போகக் கூடாது. சிறிய இறக்கை கண்ணைக் கெடுக்கும். பெரிய மாதிரியின் இறக்கை உயிரையே வாங்கும். 2013-இல் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஓர் இளைஞர் தன் சொந்த மாதிரி ஹெலிகாப்டரின் இறக்கை பட்டு இறந்துபோனார். அவர் நன்றாகப் பழகியவர்.

பேட்டரியும் மின்கம்பியும்

இந்த ஹெலிகாப்டர்களில் இருப்பது லித்தியம் பேட்டரி. செல்போனிலும் அதுதான். எடை குறைவு, சக்தி அதிகம். அடிபட்டால் தீப்பிடிக்கும். நெருக்கமான சாலில் ஒரு வீட்டில் தீ என்றால் ஒரு வீட்டோடு நிற்காது. அதனால் மெத்தை மேலோ துணி மேலோ வைத்து சார்ஜ் செய்யக் கூடாது. தரையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைக்க வேண்டும். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. பறந்து முடித்ததும் பேட்டரி சூடாக இருக்கும். ஆறிய பிறகுதான் சார்ஜ் செய்ய வேண்டும்.

பேட்டரி உப்பிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ஊசியால் குத்தக் கூடாது. குப்பையிலும் போடக் கூடாது. மும்பையின் பழைய பிளாஸ்டிக், பழைய பொருள் ஏராளமாகத் தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டுக்கு வருகிறது. அங்கே அதைக் கையால் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். மூட்டைக்குள் ஒரு பேட்டரி நசுங்கினால் அவர்கள் கையில்தான் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து ரயில் பாதை. சுனாபட்டி வழியாக ஹார்பர் ரயில் ஓடுகிறது. பாதைக்கு மேலே உள்ள கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. பொம்மை அதில் மாட்டினால் மாட்டியதுதான். கம்பால் தட்டப் போகக் கூடாது. அந்தக் கம்பியைத் தொட வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் தாக்கும். சிமெண்ட் ஷீட் கூரையில் விழுந்தாலும் பிள்ளைகளை ஏற விடக் கூடாது. ஷீட் உடைந்து கீழே விழுவார்கள்.

திறந்த வெளியில் விடலாமா?

சோமையா மைதானம் பெரிய மைதானம். அதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அங்கே விடக் கூடாது. 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் வந்தன. ஆள் இல்லாமல் பறக்கும் சாதனங்களுக்கு அவை பொருந்தும். விமான நிலையச் சுவரில் இருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிடக் கூடாது. சுனாபட்டி, தாராவி, மாதுங்கா, செம்பூர் எல்லாமே இந்த எல்லைக்குள் வருகின்றன. மும்பை போலீசும் அவ்வப்போது தடை உத்தரவு போடுகிறது. ட்ரோன், ரிமோட் விமானம், பாராகிளைடர் எல்லாம் அதில் அடங்கும். மீறினால் வழக்கு. பிள்ளை விளையாடியது என்று சொன்னாலும் பெரியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கூரைக்குக் கீழே, வீட்டுக்குள் அல்லது ஹாலுக்குள் விட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

விளையாட்டுக்கு அப்பால்

நடிகர் அஜித் குமாருக்கு ரிமோட் விமானம், ஹெலிகாப்டர் ஓட்டுவதில் நெடுநாள் பழக்கம். சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. கல்லூரி இருக்கிறது. அப்துல் கலாம் படித்த கல்லூரி அது. அங்கே தக்‌ஷா என்ற மாணவர் குழு ஆளில்லா விமானங்கள் செய்தது. 2018-இல் அஜித் அந்தக் குழுவுக்கு ஆலோசகர் ஆனார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஒரு போட்டி நடந்தது. எளிதில் போக முடியாத இடத்தில் ஒருவர் இருக்கிறார். அவருடைய ரத்த மாதிரியை ஆளில்லா விமானம் போய் எடுத்து வர வேண்டும். அந்தப் போட்டியில் தக்‌ஷா இரண்டாம் இடம் பெற்றது. 2020-இல் கொரோனா வந்தபோது இந்தக் குழுவின் ட்ரோன்கள் தெருக்களில் கிருமிநாசினி தெளித்தன.

ட்ரோனும் ஹெலிகாப்டரின் தம்பிதான். அதில் நான்கு விசிறிகள் இருக்கும். இரண்டு வலப்பக்கமும் இரண்டு இடப்பக்கமும் சுற்றும். அதனால் வால் வேண்டாம். உள்ளே உள்ள கருவி அதைத் தானாகவே ஒரே இடத்தில் நிறுத்திவிடும். கருவி பழுதானால் என்ன செய்வது? அப்போது கைதான் காப்பாற்ற வேண்டும். ஹெலிகாப்டரில் பழகிய விரலுக்கு அது தெரியும்.

ஊரில் இப்போது வயலுக்கு மருந்து தெளிக்க ட்ரோன் வருகிறது. முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு தெளித்தால் மருந்து ஆளின் மேலும் படும். ட்ரோனில் அந்த ஆபத்து குறைவு. 2023 நவம்பரில் மத்திய அரசு நமோ ட்ரோன் தீதி என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தருவது அதன் நோக்கம். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி.

சம்பளத்துக்கு ட்ரோன் ஓட்டச் சான்றிதழ் வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்ககம் ஒப்புக்கொண்ட பயிற்சி நிலையத்தில் படித்துத் தேற வேண்டும். வயது 18 முதல் 65 வரை இருக்கலாம். ஆண், பெண் வேறுபாடு இல்லை. சான்றிதழ் 10 ஆண்டு செல்லும்.

ஒரு நிபந்தனை மட்டும் பலரைத் தடுக்கிறது. பத்தாம் வகுப்பு தேறி இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவர் என்ன செய்வது? தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. பெரியவர்களும் அதில் சேரலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது. எல்லாப் பாடங்களையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகத் தேறலாம்.