முதல் மூச்சு

எழுத்துக்களின் தோற்றத்தைக் கூறும் இயலுக்குத் தொல்காப்பியர் பிறப்பியல் எனப் பெயரிட்டார். உந்தியினின்று கிளம்பும் காற்றே நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் பொருந்தி ஒலியாகிறது என்பது அவர் காட்டும் நெறி. மக்கட் பிறப்பும் இதனையொத்ததே. கருவில் உந்திக்கொடி வழியே உயிர்வளி பெற்ற மகவு, வெளிவந்ததும் தன் நெஞ்சாலேயே காற்றை ஈர்த்தல் வேண்டும். முதல் அழுகையே அதன் முதல் எழுத்து.

அவ்வெழுத்து எல்லா மகவுக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. பிறக்கும் நூறு குழந்தைகளுள் ஏறக்குறையப் பத்துக்கு மூச்செடுக்கத் துணை வேண்டியிருக்கிறது. அவற்றுட் பெரும்பாலானவை, உடலை உலரத் துடைத்து முதுகை வருடிய அளவிலேயே அழுதுவிடும். அதற்கும் மூச்செடாத குழந்தைக்கு, வாயையும் மூக்கையும் மூடும் முகமூடியும் கையால் அமுக்கும் காற்றுப்பையும் கொண்டு, நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை காற்றூட்டுவர். தலைகீழாகத் தூக்கி அறையும் பழைய வழக்கத்தை இன்றைய மருத்துவம் விலக்குகிறது. காற்றூட்டல் பிறந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே தொடங்குதல் வேண்டும். மருத்துவர் அதனைப் 'பொன் நிமிடம்' என்பர்.

இந்த ஒரு நிமிடத்தை மன்னாரின் நிலவமைப்போடு வைத்து எண்ணுவோம். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் 1990இல் போரினாற் சிதைந்து, 2010இல் புதிதாக எழுந்தது. தாயை வேளையோடு பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப் பாலமும் வீதியும் உதவும். பிறந்துவிட்ட குழந்தையின் முதல் நிமிடத்துக்குள்ளோ எவ்வூர்தியும் வந்து சேராது. அப்பொழுது உதவுவது அருகில் நிற்கும் மருத்துவமாதின் கை ஒன்றே.

நூலறிவு நமக்குப் புதியதன்று. மானிப்பாயில் பணியாற்றிய வைத்தியர் கிறீன் 1857இலேயே பிரசவ வைத்திய நூலைத் தமிழில் வெளியிட்டார். ஆயினும் கைத்திறன் ஏட்டில் தங்குவதில்லை. ஒருமுறை பெற்ற பயிற்சி சில மாதங்களிலேயே தளர்ந்துவிடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓதாத செய்யுள் மறந்துபோவதை நம் மாணாக்கரிடத்தே காண்கிறோமல்லவா? பிள்ளைப்பேறு குறைந்த சிறிய வைத்தியசாலையில் இத்தேவை அரிதாகவே நேரும். அரிதாக நேர்வதாலேயே அங்குப் பயிற்சி மிகுதியும் வேண்டும். பாவையொன்றை வைத்து அடிக்கடி சில நிமிடம் பழகினாற் போதும். காற்றுப்பையும் முகமூடியும் கைக்கெட்டும் இடத்தில் ஆயத்தமாக இருத்தலும் வேண்டும்.

பாவையின் நெஞ்சு உயரப் பழகிய கையே, பிள்ளையின் நெஞ்சு உயரவும் துணை நிற்கும்.