நாலாம் ஆண்டு விமானம்

2023 ஜூன் 15 அன்று மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் ஒரு புகைபோக்கியை வெடிவைத்துச் சாய்த்தார்கள். சித்தேஸ்வர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் புகைபோக்கி அது. உயரம் சுமார் 90 மீட்டர், முப்பது மாடி. கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டியது. ஊர் விமான நிலையத்துக்கு விமானம் வந்து போகும் வழியில் நின்றதுதான் அது செய்த குற்றம்.

நான் புனே அருகே போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில், ஒரு பட்டறையில் உதிரிப்பாகங்களுக்கு விலை போடும் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் சேலம் பக்கம். எங்கள் பட்டறையில் பாதிப் பேர் சோலாப்பூர், லாத்தூர்க்காரர்கள். அவர்களில் ஒருவர் அன்று மாலை செல்போனில் அந்த வீடியோவைக் காட்டினார். “அண்ணா, இனி எங்க ஊருக்கும் ப்ளேன்!” (இங்கே தமிழன் என்றால் வயது வித்தியாசமில்லாமல் அண்ணாதான்.) அவருடைய மாமா அதே ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். அந்த வீட்டில் இந்தச் சந்தோஷம் இல்லை. புகைபோக்கி விழுந்து ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, 2025 ஜூன் 9 அன்று, கோவாவிலிருந்து ஃப்ளை91 நிறுவனத்தின் விமானம் சோலாப்பூரில் இறங்கியது. ஒரு சின்ன ஊருக்கு விமானம் வர இத்தனை பாடா என்று எனக்கு வியப்பு. தோண்டிப் பார்த்தால், வரவைப்பது சுலபம், வந்ததைத் தக்கவைப்பதுதான் வித்தை என்று தெரிந்தது.

முதலில் அந்தப் புகைபோக்கிக்கே வருவோம். ஒவ்வொரு விமான நிலையத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருக்கிறது. தடை வரம்புப் பரப்பு என்பார்கள். அதைத் துளைத்துக்கொண்டு எதுவும் நிற்கக் கூடாது. பெரிய ஓடுபாதை என்றால் அதன் முனையிலிருந்து 50 மீட்டர் தள்ளிப் போனால் 1 மீட்டர் உயரலாம். ஒரு கிலோமீட்டர் தள்ளினால் 20 மீட்டர், நன்றாக வளர்ந்த தென்னை மரம். ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீட்டர் வரை 45 மீட்டர் உயரத்தில் இன்னொரு தட்டைக் கூரை. 90 மீட்டர் புகைபோக்கி அதைப் போல இரண்டு மடங்கு. விமான நிலையத்தின் சொத்து மதில் சுவரோடு முடிவதில்லை. ஊரின் வானத்தில் பாதியை அது வாடகையில்லாமல் அனுபவிக்கிறது.

தீயணைப்பு வண்டிக்கும் ஒரு விந்தையான கணக்கு உண்டு. எத்தனை வண்டி நிற்க வேண்டும் என்பதை முக்கியமாக விமானத்தின் நீளம்தான் தீர்மானிக்கிறது. 28 மீட்டருக்குக் குறைவான விமானம் வந்தால் ஒரு வண்டி போதும். அதற்கு மேல் போனால் இரண்டு. சின்ன ஊர்களுக்கு வரும் ஏடிஆர்-72 விமானத்தின் நீளம் 27.17 மீட்டர். கோட்டுக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாக உள்ளே நிற்கிறது. ஒரு வண்டி என்றால் ஒரு வண்டியின் விலை மட்டுமா? ஓட்டுநர், ஆட்கள், ஷிப்ட், பயிற்சி எல்லாமே பாதி.

இந்த ஏடிஆர் தனிப் பிறவி. புனே லோகேகாவிலிருந்து கோவாவுக்கு அதில் ஒருமுறை போனேன். போசரியிலிருந்து லோகேகாவ் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். விமான நேரத்தைவிட ஆட்டோ நேரம் அதிகமோ என்று தோன்றியது. ஏறும் கதவு வாலில் இருக்கிறது. கதவைத் திறந்து கீழே சாய்த்தால் அதுவே படி. தனி ஏணி வண்டியும் வேண்டாம், கண்ணாடிப் பாலமும் வேண்டாம். பெட்டிகள் மூக்குப் பக்கம், விமானிகளுக்குப் பின்னால் ஏறுகின்றன. எல்லாரும் பின்வழியாகவே ஏறுவதால் வால் கனத்து, முன்சக்கரம் தூக்கிக்கொள்ளுமே? அதற்காக வாலுக்கு அடியில் ஒரு முட்டுக்கம்பு. கரும்பு ஏற்றும் மாட்டு வண்டிக்குக் கொடுப்போமே, அதே முட்டுதான். கிளம்புமுன் ஒருவர் வந்து அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த அதிசயம் இடது ஜன்னலில் உட்கார்ந்தால் தெரியாது. வலது பக்கம் உட்கார வேண்டும். தரையில் நிற்கும் விமானத்துக்கு விளக்கும் குளிர்ச்சியும் வேண்டும். பெரிய விமானங்களின் வாலில் இதற்கென்றே ஒரு குட்டி எஞ்சின் உண்டு. ஏடிஆரில் அது கிடையாது. வலது எஞ்சினை ஓடவிட்டு, அதன் விசிறிக்கு மட்டும் பிரேக் போட்டுவிடுகிறார்கள். உள்ளே எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, வெளியே ஆறு இதழ் விசிறி சிலைபோல நிற்கிறது. இந்த நிலைக்கு விமானிகள் வைத்திருக்கும் பெயர் ‘ஹோட்டல் மோட்’. மின்சாரம் கொடுக்கும் வண்டி இல்லாத ஊரில்கூட விமானம் தன் காலில் நிற்கும். ஒரு உபரி எஞ்சினின் எடை, பராமரிப்பு, விலை மூன்றும் மிச்சம். இதை யோசித்தவர் எங்கள் பட்டறைக்கு வந்தால் முதலாளி கையைப் பிடித்து உட்காரவைப்பார்.

விசிறி எதற்கு, ஜெட் இருக்கும்போது? ஜெட் கொஞ்சம் காற்றை அதிவேகமாகப் பின்னால் தள்ளுகிறது. விசிறி நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுகிறது. பரிசலை அகலத் துடுப்பால் தள்ளுவதற்கும் குச்சியால் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்துக்குள் விசிறிதான் சிக்கனம். ஏடிஆரின் விசிறி 3.93 மீட்டர் அகலம். ஓர் எஞ்சினுக்குச் சுமார் 2,500 குதிரைத்திறன், ஐம்பது டிராக்டர். விமானம் முழுதுமாக மணிக்கு ஏறத்தாழ 900 லிட்டர் குடிக்கும். இருக்கைகள் நிரம்பியிருந்தால் ஒரு ஆளை ஒரு லிட்டரில் 35 கிலோமீட்டர் அளவுக்குக் கொண்டுபோகிறது. பைக் ஓட்டுகிறவர்களுக்கு இந்த எண் பழகியதாக இருக்கும். 300 கிலோமீட்டர் தூரத்தில் ஜெட் மிச்சம் பிடித்துத் தருவது பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதை இறங்கியபிறகு பெட்டிக்குக் காத்து நிற்பதில் தொலைத்துவிடலாம்.

இனி என் தொழில். எங்களுக்கு ‘மெஷின் அவர் ரேட்’ என்று ஒன்று உண்டு. மெஷினின் கடன், வாடகை, ஆள் சம்பளம் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் பிரித்துப்போடுவது. மெஷின் ஓடினாலும் தூங்கினாலும் அந்த மீட்டர் ஓடும். ஏடிஆரின் குத்தகை மாதம் ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 230 ரூபாய். இரவு பத்து மணி நேரம் சும்மா நின்றால் ஏறத்தாழ 1.4 லட்சம் போகும். அதனால்தான் இறங்கிய அரை மணிக்குள் திரும்பக் கிளம்பத் துடிக்கிறார்கள். இரவு விளக்கு இல்லாத சின்ன நிலையங்களில் பொழுது சாய்ந்தால் அந்த மெஷின் ஊரைவிட்டுப் போயாக வேண்டும்.

மூடுபனி இந்தக் கணக்கில் மண்ணைப் போடும். கருவி வழிகாட்டல் இல்லாமல் கண்ணால் பார்த்து இறங்க 5 கிலோமீட்டராவது பார்வை தெரிய வேண்டும். ஒரு டிசம்பர் காலை, ஊர் பெயர் வேண்டாம், எங்கள் விமானம் மேலே மூன்று வட்டம் அடித்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. கீழே எனக்காகக் காத்திருந்தவருக்கு விமானத்தின் சத்தம் கேட்டதாம்.

எரிபொருளை எடுத்துக்கொள்வோம். லிட்டர் 95 ரூபாய் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 85,500 ரூபாய். இப்போது மத்திய அரசின் உடான் திட்டத்தைப் பக்கத்தில் வையுங்கள். 2016 அக்டோபரில் அறிவித்து, 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லா–டெல்லி விமானத்தோடு தொடங்கியது. பாதி இருக்கைகளை உச்சவரம்பு விலைக்குத் தர வேண்டும். ஒரு மணிப் பயணத்துக்குத் தொடக்கத்தில் 2,500 ரூபாய். 72 இருக்கையில் 36 பேர், 90,000 ரூபாய். ஆக, விமானத்தில் பாதி ஜனம் எரிபொருளுக்கு மட்டும் பணம் கட்டுகிறது. குத்தகை, விமானி, பராமரிப்பு, காப்பீடு அத்தனையும் மீதிப் பாதியின் தலையில். அந்த மீதிப் பாதி நிரம்பாத நாளில் என்ன ஆகும்?

அந்தப் பள்ளத்தை நிரப்ப அரசு தருவதுதான் இடைவெளி நிதி. செலவுக்கும் வரவுக்கும் நடுவில் விழும் துண்டு. இதில் தலைகீழ் ஏலம்: யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்குத்தான் தடம். பணம் வரும் வழி இன்னும் சுவாரஸ்யம். பெருநகரத் தடங்களில் கிளம்பும் ஒவ்வொரு விமானத்துக்கும் தொடக்கத்தில் 7,500 முதல் 8,500 ரூபாய் வரை வசூலித்தார்கள். 180 பேர் ஏறும் விமானத்தில் தலைக்கு 42 முதல் 47 ரூபாய், புனே கணக்கில் இரண்டு வடாபாவ். மாநிலங்களும் பங்கு போட்டன. திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில் இறங்குகட்டணம் இல்லை. எரிபொருள் மீதான மாநில வரி 1 சதவீதத்துக்குள். தமிழ்நாட்டில் பெரிய விமானங்கள் கட்டிவந்தது 29 சதவீதம்.

இந்தத் தாங்குகட்டைகளில் முக்கியமான இடைவெளி நிதி மூன்று வருடத்துக்குத்தான். நாலாம் ஆண்டு சொந்தக் காலில் ஓட வேண்டும். இந்தியத் தணிக்கைத் துறை 2023 ஆகஸ்டில் ஒரு கணக்கை வெளியிட்டது. முதல் மூன்று சுற்றுகளில் 774 தடங்கள் ஒதுக்கப்பட்டன. பறக்கத் தொடங்கியவை 371. மூன்று வருடம் முழுக்கத் தாக்குப்பிடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை உயிரோடிருந்தவை 54. நூறு கன்று நட்டோம், 48 துளிர்த்தது, 14 பூத்தது, 7 நின்றது என்கிற மாதிரி. ஓடுபாதை போடக் காசு இருக்கிறது. அந்த மீதிப் பாதிப் பயணிகளைத் தினமும் கொண்டுவந்து உட்காரவைக்கக் காசால் மட்டும் முடியவில்லை.

நின்ற அந்த ஏழு கன்றுகளின் ரகசியம் என்ன? என் ஊகம், நேர அட்டவணை. நாளுக்கு ஒரு விமானம், அதுவும் மதியம் என்றால், சோலாப்பூர் டவல் வியாபாரி வெளியூரில் ஓர் இரவு தங்கியாக வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பினால்தான் டிக்கெட் விலைக்கு அர்த்தம். நாளுக்கு இரண்டு விமானம் ஒன்றைவிட இரண்டு மடங்கு பயன் தருவதில்லை, ஐந்து மடங்கு தரும்.

ஆனால் இரண்டாவது விமானத்துக்கு மறுமுனையில் இடம் வேண்டும். இங்கே லோகேகாவைப் பாருங்கள். 1939-இல் இருந்து படைத்தளம். பயணிகள் விமானத்துக்கு ஓடுபாதை ஒன்றுதான், அதுவும் விமானப் படையுடையது. சுகோய் போர் விமானங்கள் பறந்து ஓய்ந்த நேரத்தில்தான் பயணிகள் விமானம். 2024-இல் புது முனையம் பளபளவென்று திறந்தார்கள்; ஆண்டுக்கு ஒரு கோடிப் பேர் அளவில் வந்துபோகிறார்கள். ஓடுபாதை மட்டும் நீளவில்லை. 72 பேர் விமானம் இறங்க எடுக்கும் நேரத்தில் 220 பேர் விமானமும் இறங்கிவிடும். அந்தச் சில நிமிடத்தை யாருக்குக் கொடுப்பீர்கள்? சின்ன ஊரின் எதிர்காலம் பல நேரம் பெரிய ஊரின் கடிகாரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. புனே பக்கம் புரந்தரில் புது நிலையம் என்ற பேச்சு இங்கே பல வருடமாக ஓடுகிறது.

எந்த ஊருக்குப் பறப்பது என்பதும் முக்கியம். 2023 பிப்ரவரியில் மும்பை–சோலாப்பூர் வந்தே பாரத் வந்துவிட்டது. ஆறரை மணி நேரம், வழியில் புனே. புனேவிலிருந்து சோலாப்பூர் 250 கிலோமீட்டர். விமான நிலையத்துக்கு முன்கூட்டியே போய் நிற்பதற்குள் ரயில் பாதி தூரம் போயிருக்கும். கோவாவுக்கோ பெங்களூருக்கோ அப்படி இல்லை, அங்கே விமானத்துக்கு வேலை இருக்கிறது. ஃப்ளை91 கோவாவை மையமாக வைத்து சிந்துதுர்க், ஜல்காவ், புனே, சோலாப்பூர் என்று சின்னச் சின்ன முடிச்சாகப் போடுவதில் எனக்குப் பிடித்த புத்தி இதுதான்.

எங்கள் சேலமும் இதே பாடத்தைப் பலமுறை படித்த ஊர். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் 1993-இல் நிலையம் வந்தது. முதலில் என்.இ.பி.சி., பிறகு 2009-இல் கிங்ஃபிஷர், 2018 மார்ச்சில் உடானில் ட்ரூஜெட். ஒவ்வொன்றும் வந்தது, மாலை போட்டார்கள், நின்றது. ட்ரூஜெட் 2021-இல் ஓய்ந்தது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூரு–சேலம்–கொச்சி என்று மூன்று ஊரைக் கோத்து வந்தது. அதே மாதம் இண்டிகோவும். இரண்டும் ஏடிஆர்தான். மூன்று ஊரைக் கோப்பதில் ஒரு நுட்பம்: பெங்களூரில் ஏறுகிறவர் கொச்சிக்கும் போகலாம், சேலத்தில் இருபது பேர் இறங்கினால் இருபது பேர் ஏறலாம். ஒரு ஊரின் வெற்று இருக்கையை இன்னொரு ஊர் நிரப்புகிறது.

காமலாபுரம் பக்கத்தில் என் அத்தை வீடு. 2018-இல் விமானம் வந்த புதிதில் அந்த விசிறிச் சத்தத்தை வைத்துத்தான் உலை வைப்பார். நடுவில் சத்தம் நின்ற இரண்டு வருடம் சுவர்க் கடிகாரத்துக்குத் திரும்பினார். இப்போது மறுபடி சத்தம் வந்தாயிற்றே என்று போனில் கேட்டேன்.

“கடிகாரத்துக்கு பேட்டரி போட்டே வெச்சிருக்கேன் சாமி” என்றார்.